"யாரு ஜெயிச்சாங்க, தாத்தா?"



கோடை விடுமுறைக்கு கப்பலூரிலிருந்து குடும்பமாய் வேன் பிடித்து, ஆந்திரா-தெலங்கானா எல்லையிலுள்ள நாகார்ஜுன சாகர் அணைக்குப் போயிருந்தோம். பக்கத்தில் அனுபு என்ற இடத்தில் பழங்கால விளையாட்டு அரங்கம் ஒன்று உண்டு. வழியில் டயர் பஞ்சர். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. வெளியே நின்று நிலா வெளிச்சத்தில்தான் பார்த்தோம்.

நடுவே களம். சுற்றிலும் படிப்படியாய் உட்காரும் வரிசைகள். ஏறக்குறைய 1,700 வருஷத்துக்கு முன் இக்ஷ்வாகு ராஜாக்களின் தலைநகரான விஜயபுரியில் இருந்ததாம். 1954 முதல் 1960 வரை தோண்டி எடுத்தார்கள். அணை கட்டியதில் அந்தப் பள்ளத்தாக்கே தண்ணீருக்குள் போய்விட்டது. அரங்கத்தை மேட்டில் மறுபடி கட்டி வைத்தார்கள்.

பேரன் கேட்டான்: "இங்க யாரு ஜெயிச்சாங்க, தாத்தா?"

"யாருக்கும் தெரியாதுப்பா."

"அப்ப கைதட்டுனவங்க?"

"அவங்களும் போயிட்டாங்க."

நான் சொன்ன பதிலே என்னைக் குத்தியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கன்வென்ஷன் நோட்டீஸில் என் பேரை விட்டுவிட்டார்கள் என்று எட்டு மாதமாய் ஓய்வுநாள் பள்ளி ஊழியத்தை விட்டிருந்தேன். நோட்டீஸ் போட்ட சகோதரனோடு பேச்சும் இல்லை. ஆராதனையில் கையை உயர்த்துவேன், உள்ளே கசப்பு. யார் கைதட்டலுக்காக இத்தனை வருஷம் ஓடினேன்?

பவுல் ஒன்றரை வருஷம் தங்கிய கொரிந்துவுக்கு அருகேதான் இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. ஜெயித்தவனுக்குக் கிடைத்தது பைன் இலையாலோ கீரைத் தழையாலோ கட்டிய கிரீடம். சில நாளில் வாடிவிடும். அதற்கே அவன் அவ்வளவு பாடுபட்டானே என்றுதான் 1 கொரிந்தியர் 9-ம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் நம்மை உணர்த்துகிறார். நோட்டீஸும் அந்தத் தழை போலத்தான். கூட்டம் முடிந்தால் அதில் சுண்டல் மடிப்பார்கள்!

ஊர் திரும்பிய அன்றே அந்தச் சகோதரன் வீட்டுக்குப் போனேன். "தம்பி, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவர் கண் கலங்கி, "அண்ணே, அச்சாபீசுல விட்டுப்போச்சு. நான்தான் அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும்" என்றார். இருவரும் முழங்காலிட்டு ஜெபித்தோம். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் முன் மறுபடி நின்றேன்.

அன்பானவர்களே, பேர் வரவில்லை, மாலை போடவில்லை என்று ஓட்டத்தை நிறுத்திவிட்டீர்களா? மனுஷர் உட்காரும் வரிசை ஒருநாள் காலியாகும். நம் பேரை அறிந்தவரோ முடிவில் நமக்காக நிற்கிறார். அவரைப் பார்த்து ஓடுவோம். இன்றைக்கே எழும்புங்கள்!

மாரநாதா. ஆமென்.