வாரணாவதத்து நகர மாந்தர்

பக்கத்து வீடு பற்றி எரியும்போது தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவன் தர்மத்தின் முன்னிலையில் எத்தகையவன்? தீ வைத்தவன் அல்லன், அணைத்தவனும் அல்லன். கண்டவன், அவ்வளவே. கண்டதனால் அவனுக்கு ஏதேனும் கடன் உண்டா? இவ்வினாவிற்கு நீதி நூல்களில் ஒருவரி விடை தேடுவதைவிட, ஸ்ரீமஹாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ஓர் ஊர் முழுதும் தெருவில் நின்று ஒரு வீடு எரியக் கண்ட இரவைச் சற்று நின்று நோக்குவது நலம். அரக்கு மாளிகைக் கதையை அறியாத ஆஸ்திகர் இலர். ஆயினும் அக்கதையைக் கேட்கும்போது நாம் அனைவரும் பாண்டவர்களோடு சுரங்க வழியே வெளியேறிக் கங்கைக் கரைக்குப் போய்விடுகிறோம். தெருவில் நின்றவர்களை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பாண்டவர்கள் வாரணாவதத்தை அடைந்தபோது நகர மாந்தர் ஆரவாரத்தோடு எதிர்கொண்டழைத்தனர். பாண்டவர்களும் அந்தணர் இல்லம் தொடங்கி வைசியர், சூத்திரர் இல்லம் வரை சென்று நலம் விசாரித்தனர் என்று வியாச பகவான் கூறுகிறார். அயலார் என்னும் உறவு முதல் நாளிலேயே ஏற்பட்டுவிட்டது. பத்து இரவுகள் கழிந்தபின் புரோசனன் அவர்களைப் புதிய மாளிகைக்கு அழைத்துச் சென்றான். மங்களம் என்று பொருள்படும் பெயர் அந்த அமங்கள வீட்டிற்கு! சணல், குங்கிலியம், நாணல், மூங்கில் ஆகியவற்றை நெய்யில் தோய்த்துக் கட்டிய வீடு அது. உள்ளே நுழைந்த அன்றே நெய்யும் அரக்கும் கலந்த வாடையை யுதிஷ்டிரன் முகர்ந்து அறிந்துகொண்டான். அவ்வீட்டில் அவர்கள் ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்தனர். பின்னர் ஓர் இரவு, புரோசனன் உறங்கிய இடத்தில் பீமனே தீயிட்டு, அன்னையையும் உடன்பிறந்தாரையும் சுரங்கத்தின் வழியே கொண்டுபோனான்.

வெப்பமும் ஓசையும் எழவே ஊர் விழித்தது. மக்கள் அவ்வீட்டைச் சுற்றி நின்று, இரவு முழுதும் புலம்பினர். அழுகையினூடே அவர்கள் சொன்னதுதான் நாம் கவனிக்கத்தக்கது. துரியோதனன் ஏவலால் புரோசனன் இவ்வீட்டைக் கட்டினான் என்கின்றனர். விடிந்தபின் நெருப்பை அணைத்து, அரக்கு மாளிகையின் சாம்பலைக் கண்டதும் இன்னும் துணிந்து, இது திருதராஷ்டிரன் அறியாமல் நடந்ததன்று என்று கூறி, உன் விருப்பம் நிறைவேறிற்று, பாண்டவரை எரித்துவிட்டாய் என்று மன்னனுக்கே சொல்லியனுப்பத் துணிகின்றனர். பீஷ்மரையும் துரோணரையும் விதுரரையும்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

அவர்கள் நின்று அழுததைக் குற்றமென்று எவரும் சொல்லிவிட இயலாது. பங்குனி, சித்திரைக் காற்றில் ஒரு கீற்றுக் கூரை பற்றி எரிவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். தீ முகட்டை எட்டிவிட்டால் உள்ளே புக ஒருவராலும் ஆகாது. அந்நேரத்தில் நம் சிற்றூர் மக்கள் செய்வன சிலவே: தொழுவத்து மாடுகளின் தும்பை அறுத்து விடுவார்கள், கிணற்றிலிருந்து குடங்கள் கைமாறி வரும், சாக்கை நனைத்து அண்டைக் கூரைகளின்மேல் விரிப்பார்கள், காற்று வீசும் பக்கத்துக் குடிசையின் கீற்றைப் பிடுங்கி எறிந்து நெருப்பிற்கு வழி அடைப்பார்கள். எரியாத தன் கூரையைத் தானே பிரித்துக்கொடுக்கும் அந்தக் குடிசைக்காரனைப் பற்றி யாரும் காவியம் பாடியதில்லை, பாடத்தக்கவன் அவன். தீயணைப்பு வண்டி வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும். நெய்யில் தோய்ந்த அரண்மனைக்கு எதிரே, நள்ளிரவில், கடுங்காற்றில் வாரணாவதத்தார் வேறென்ன செய்திருக்க முடியும்? விலகி உறங்கச் செல்லாமல் விடியுமளவும் நின்றார்களே, அதுவே ஒரு சாட்சி.

ஆனால் கேள்வி அவ்விரவைப் பற்றியதன்று. அதற்கு முந்திய ஓராண்டைப் பற்றியது. துரியோதனனின் ஏவல் என்று தீயின் வெளிச்சத்தில் நிச்சயமாகச் சொன்னவர்களுக்கு அந்த நிச்சயம் அந்த நாழிகையில்தான் பிறந்ததா? புதிதாக வந்தவனின் மூக்கு முதல் நாளே அறிந்த வாடை, கட்டட வேலை நடந்தபோதே அவ்வழியே போய்வந்த ஊராரின் மூக்கிற்கு எட்டவில்லையா? மன்னனுக்கே சொல்லியனுப்பும் துணிவு அவர்களிடம் இருந்தது. ஓர் இரவு தாமதமாக இருந்தது.

இது பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2004ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் பற்றி எரிந்து, மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழகமே பதறியது. அவ்வாண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகள் மாண்டனர். இரண்டிற்கும் இடையே ஆறு மாதங்கள்கூட இல்லை. கீற்று எப்படி எரியும் என்பது ஜனவரியிலேயே அனைவருக்கும் தெரிந்துவிட்டது. கும்பகோணத்துக் கூரையோ தெருவில் போவோர் வருவோர் தினந்தோறும் கண்டது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற வேண்டும் என்ற ஆணை ஜூலைக்குப் பிறகே பிறந்தது.

விதுரரை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவர் எரிவதற்கு முன் பேசியவர். பிறர் அறியாதபடி யுதிஷ்டிரனுக்கு மட்டும் விளங்கும் சொற்களால் எச்சரித்து, நிலம் அகழ்வதில் வல்லவனான ஒருவனையும் அனுப்பிவைத்தார். செய்தி அஸ்தினாபுரத்தை எட்டியபோது எல்லோரும் கதறினர். உண்மை அறிந்த விதுரர் மட்டும் சிறிதே வருந்தினார் என்கிறது பாரதம். முன்பே செயலாற்றியவருக்குப் பின்னால் அழுவதற்கு அதிகம் இருக்கவில்லை போலும். அந்த அகழ்வோனும் மறுநாள் கூட்டத்தில் ஒருவனாக நின்று, சாம்பலைக் கூட்டுவதுபோல் சுரங்கத்தின் வாயைப் புழுதியால் மூடிவிட்டான். அழுதுகொண்டிருந்த அத்தனை பேர் நடுவே அவன் ஒருவன்தான் உயிர்களைக் காத்தவன். அது யாருக்கும் தெரியாது.

கண்டவன் மனத்தில் எழும் சொல் ஒன்று உண்டே, அதையும் நம் பூர்வாசாரியர்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். தன்னிடம் வைஷ்ணவத்வம் உண்டா இல்லையா என்பதைத் தானே அறிந்துகொள்ள வழியென்ன என்பதற்கு, பராசர பட்டரின் சீடரான நஞ்சீயர் அருளியதாக ஒரு வார்த்தை வழங்கி வருகிறது. பிறனுக்கு நேர்ந்த துன்பத்தைக் கண்டவுடன் உள்ளம் ‘ஐயோ’ என்றால் உண்டு. ‘இவனுக்கு இது வேண்டும்’ என்றால் இல்லை என்பது அதன் கருத்து. திருமண்ணையும் அநுஷ்டானத்தையும் கேளாமல், பிறன் துன்பத்தின் முன் எழும் ஓர் அசைச்சொல்லைக் கேட்டார் அம்மஹான்! எரியும் வீட்டின் முன் இரண்டாவது சொல் எளிதில் வந்துவிடுகிறது. கடன் வாங்கிக் கட்டிய வீடு, கர்வம் பிடித்தவன், வேலித் தகராற்றில் நம்மோடு மல்லுக்கு நின்றவன் என்று ஏதோ ஒரு கணக்கு அந்நேரத்திலும் ஓடும். இன்னும் சிலர் இதையே சாஸ்திரமாக்கி, ‘அவன் கர்மம், அவன் அநுபவிக்கிறான்’ என்பர். கர்ம சித்தாந்தம் ஒருவன் தன் துயரைத் தாங்கிக்கொள்ளத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஏற்றது. சாம்பல்மேல் உட்கார்ந்திருப்பவனிடம் எதிர்வீட்டுக்காரன் எடுத்துச் சொல்ல அது ஏற்பட்டதன்று.

வாரணாவதத்தார் இச்சோதனையில் தேறியவர்களே. ‘ஐயோ’ என்றுதான் இரவெல்லாம் அரற்றினர். ஆனால் யாருக்காக?

அன்று மாலை குந்தி அந்தணர்க்கு அன்னமிட்டாள். அங்கே உணவு நாடி நிஷாத குலத்துப் பெண் ஒருத்தி தன் ஐந்து மக்களோடு வந்து, உண்டு, மதுவருந்தி, அங்கேயே நினைவின்றி உறங்கிப்போனாள். விடிந்தபின் கிடைத்த உடல்கள் அவ்வறுவருடையவை. பாரதம் இதை மறைக்கவில்லை. ஆறு பேரை இங்கே இட்டுவிட்டு யாரும் அறியாமல் போய்விடுவோம் என்ற சொல் தர்மபுத்திரன் வாயிலிருந்தே வருகிறது. உபந்நியாசம் செய்வோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். அடியேனுக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. ஓர் ஊரின் கண்ணீர் முழுவதும் உயிரோடு கங்கையைக் கடந்துகொண்டிருந்தவர்களுக்காகச் சிந்திற்று. உள்ளே உண்மையில் எரிந்தவளுக்கும் அவள் மக்களுக்கும் அந்த அழுகையில் ஒரு துளியும் பங்கில்லை. அவளுக்குப் பெயரைக்கூட வியாசர் தரவில்லை.

அவளுக்கும் ஒரு சேரி இருந்திருக்கும். பக்கத்துக் குடிசையில் ஒருத்தி, போனவள் பிள்ளைகளோடு இன்னும் திரும்பவில்லையே என்று அன்றிரவு வாசலில் நின்றிருப்பாள். தொலைவில் வானம் சிவந்ததையும் கண்டிருப்பாள். அஸ்தினாபுரத்தில் திருதராஷ்டிரன் குந்திக்கும் ஐவருக்கும் என்று எண்ணி, அரச மரியாதையோடு நீர்க்கடன் செய்வித்தான்.