மோமஸும் மார்பில் ஒரு கதவும்

கேலிக்கும் குற்றம் காணலுக்கும் பண்டைய கிரேக்கர்கள் ஓர் உருவம் கொடுத்து, மோமஸ் என்று பெயரிட்டனர். இரவுத் தேவி தந்தையின்றிப் பெற்ற பிள்ளைகளுள் ஒருவனாக இவனைக் குறிப்பிடுகிறார் ஹெஸியாட் என்னும் பழங்கவிஞர். அதே அடியில் இவனை அடுத்து வரும் உடன்பிறப்பு, துயரம். அந்த உறவு சிந்திக்கத்தக்கது.

ஈசாப் கதைகளைச் செய்யுளில் வடித்த பாப்ரியஸ் கூறும் கதை இது. சீயஸ் மனிதனையும், பொஸைடன் காளையையும், அதீனா வீட்டையும் படைத்தனர். எது சிறந்தது என்று கூற மோமஸ் நடுவனானான். காளையின் கொம்புகள் கண்களுக்குக் கீழே இல்லையே, முட்டும் இடத்தை அது எப்படிக் காணும் என்றான். வீட்டிற்குச் சக்கரங்கள் இல்லை என்றான். மனிதனின் மார்பில் கதவு இல்லையே, உள்ளிருக்கும் வஞ்சகத்தை அயலான் எவ்வாறு அறிவான் என்றும் கேட்டான். சாமர்த்தியமான பேச்சுதான். ஆனால் பிறர் மார்பில் கதவு கேட்டவன் தன் மார்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை!

இக்கதையின் வேறொரு வடிவத்தை அரிஸ்டாட்டில் தமது விலங்கியல் நூலில் எடுத்துக்கொள்கிறார். கொம்புகளை வலிமைமிக்க தோளில் வைக்காமல் தலையில் வைத்தது பிழை என்பது அதில் மோமஸின் வாதம். அரிஸ்டாட்டில் அவனைக் கோபிக்கவில்லை. அவன் பார்வை கூர்மையற்றது என்கிறார். தோளில் கொம்பு வெறும் சுமை; பிற செயல்களுக்கும் இடையூறு. அடியின் வேகத்தை மட்டுமல்ல, அது எட்டும் தூரத்தையும் கருத வேண்டும். ‘இது ஏன் இவ்வாறு உள்ளது?’ என்று அவர் கேட்டார். மோமஸ் அதைக் கேட்கவே இல்லை. குணத்திலும் தோஷம் காண்பதை அசூயை என்பர். அது பிறப்பது இந்தக் கேள்வி எழாத இடத்தில்தான்.

எனினும் மோமஸை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் லூசியன் எழுதிய நாடக உரையாடல் ஒன்றில், தேவர்களை மறுக்கும் எபிகூரஸின் வழியினர்மீது தேவசபை சினம் கொள்கிறது. மோமஸ் எழுகிறான். நல்லோர் வறுமையிலும் நோயிலும் வாட, தீயோர் சிறப்புறும்போது மனிதர் வேறு என்ன நினைப்பார்கள் என்கிறான். பூமியில் நல்லவர் யார், தீயவர் யார் என்று என்றேனும் அக்கறையுடன் விசாரித்ததுண்டா என்று சீயஸையே கேட்கிறான்.

குறை கூறுவது எவர்க்கும் எளிது, நிலைமையைச் சீராக்க வழி கூறுவதே அறிவாளியின் வேலை என்று டெமாஸ்தனிஸின் கருத்தை எடுத்துக்காட்டி, அவனைப் புறந்தள்ளுகிறார் சீயஸ். கருத்து உண்மையே. கேட்ட கேள்விக்கு மட்டும் அவர் பதில் கூறவில்லை.