கூலியும் தூசியும்

ஆலையிற் சோறுண்பவன் ஆலைத் தூசியைக் குறித்துக் குறை கூறலாமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் பழமொழியைக் காட்டி, கூடாதென்பார் பலர். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியவன்.

பஞ்சாலையிற் பல்லாண்டு உழைத்தேன். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகும். அடுத்த நாட்களிற் சற்றுத் தணியும். பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்கு அஃதே அடையாளமென்று பின்னாளில் நூல்களைப் படித்தே அறிந்தேன். ஆலையை அடுத்த சந்தில் குடியிருந்த அம்மையார் ஒருவர், தம் வீட்டு உலைப்பானையிலும் பஞ்சு விழுகிறதென்று ஒருநாள் எங்களிடம் முறையிட்டார். “ஆலையை மூடிவிட்டால் நீங்களா எங்களுக்குச் சோறு போடுவீர்கள்?” என்று கேட்டவன் நான். அவர் மறுமொழி கூறாது சென்றார்.

பெரிய சிமெண்டு ஆலையைச் சூழ்ந்த ஊர்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே நிலமே உருமாறுகிறது. சுண்ணாம்புக்கல்லை வெடிவைத்துப் பெயர்த்து, களிமண் முதலியவற்றோடு பொடியாக்கி, ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்திற் சூளையிற் சுடுகின்றனர். கிடைக்கும் கட்டிகளை ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. வெடித்தல், உடைத்தல், அரைத்தல், மூட்டையிடல், லாரியில் ஏற்றல் ஆகிய ஒவ்வொன்றிலும் தூசி எழும். மின்விசையால் ஈர்க்கும் கருவிகளும் துணிப்பை வடிகட்டிகளும் புகைபோக்கித் தூசியிற் பெரும்பகுதியைப் பிடித்துவிடும் என்பது உண்மையே. ஆனால் லாரியின் பின்னே எழும் புழுதியை அவை பிடிக்கமாட்டா.

திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியை எண்ணிப் பாருங்கள். 1939ஆம் ஆண்டில் டால்மியா சிமெண்டு ஆலை அங்கே எழுந்தது. ரயில் நிலையமும் டால்மியாபுரம் எனப் பெயர் பெற்றது. அப்பெயரை மாற்றக் கோரி 1953இல் மு. கருணாநிதி முதலானோர் தண்டவாளத்திற் படுத்து மறியல் செய்து சிறை சென்றனர். பிற்காலத்தில் ஊர்ப்பெயர் மீண்டது. அன்றைய வழக்கு பெயரைப் பற்றியது, கல்லைப் பற்றியதன்று. அதற்காக அவர்களைக் குறைகூறேன். பெயரின் இழப்பு பலகையிலேயே கண்ணுக்குத் தெரிவது. ஆனால் கல்லக்குடி, அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்தது. கடலுயிர்களின் சிப்பிகள் இன்றும் கல்லாக அங்கே கிடைக்கின்றன. எழுதிய பெயரை அழித்து மாற்றி எழுதலாம். சுட்டு அரைத்த கல்லை என் செய்வது?

ஆலையே வேண்டாவென்று சொல்வது எளிது. மழை பொய்த்த மானாவாரி நிலத்தானுக்கு மாதக் கூலி எத்தகைய ஆறுதல் என்பதை அறிந்தவன் அவ்வாறு சொல்லான். நானும் சொல்லேன். எனினும் கூலி உழைப்பின் விலை, ஈகையன்று. அதை உப்பென்று கொண்டாலுங்கூட, நிலத்தை விற்றவர் ஒருவர், கூலி பெறுபவர் மற்றொருவர், இரண்டுமின்றித் தூசியை மட்டும் பெறுபவர் மூன்றாமவர். முன்னிருவரின் இசைவைக் காட்டி மூன்றாமவரின் வாயை அடைக்கும் உரிமை எவர் தந்தது? இனிப் பிறக்கப்போகும் குழந்தைக்கு வெட்டுக்குழி மட்டுமே மிஞ்சுமாயின், அதன் சார்பில் இசைவு தந்தவர் யார்? 2015ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத் திருத்தம், சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோரின் நலனுக்கென மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை ஏற்படுத்தி, குத்தகைதாரர் அவற்றிற்குப் பணம் செலுத்த வேண்டுமென்றது. மூன்றாமவர் ஒருவர் உண்டென்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. உடன் உழைக்கும் நாம் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம். அந்த அம்மையாரை வாயடைத்தவர் முதலாளியல்லர்; அவரைப் போன்றே வாடகைக் குடியிலிருந்த நான்.

சென்ற ஆண்டு நம் சங்க மண்டபத்துக்குத் தளமிடச் சிமெண்டு வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மூட்டைக்குச் சில ரூபாய் குறைக்கும்படி கடைக்காரரிடம் நெடுநேரம் வாதாடினேன். அந்தக் கல் எவ்வூரில் வெட்டப்பட்டதென்று கேட்கவில்லை.