தாங்கிக்கு அனுமதி, சிப்பாய்க்கு இல்லை

யுத்த தாங்கியின் மாதிரியொன்றை ஒட்டி, சாயம் பூசி, அலுமாரியில் வைப்பது ஆகுமா? அதன் மூடியைத் திறந்து ஒரு சிப்பாயின் உருவத்தையும் நிறுத்தினால்? மாதிரி செய்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே வேலைதான். இலங்கையின் வடமாகாணத்திலுள்ள பெரியமடு போன்றதொரு முஸ்லிம் கிராமத்தில் மார்க்கம் அறிந்தவரிடம் கேட்டால் இரண்டுக்கும் வெவ்வேறு பதில் வரக்கூடும்.

உருவம் செய்து பிழைத்த ஒருவர் நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து கேட்டபோது, செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள் என்று வழிகாட்டினார்கள். மார்க்கச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலானோர் உயிருள்ளவற்றின் உருவம் கூடாது என்ற இந்தக் கோட்டில்தான் நிற்கிறார்கள். சிறுவர் பொம்மைக்குப் பலர் விலக்கு அளிக்கிறார்கள். நபிகளாரின் துணைவி ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே இறக்கை வைத்த குதிரையொன்று இருந்ததும், அதைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் சிரித்ததும் அபூ தாவூத் ஹதீஸ் தொகுப்பில் உண்டு.

ஆக, தாங்கி தப்பிவிடும், சிப்பாய்தான் மாட்டிக்கொள்வார்.

இனி மாதிரிக்காரரின் மேசையையும் புத்தக அடுக்கையும் பார்ப்போம். ஜப்பானின் தமியா நிறுவனம் 1:35 அளவில் டி-55ஏ தாங்கியின் மாதிரியை விற்கிறது. இலங்கை இராணுவம் ஓட்டியதும் டி-55 வகைதான். ஏறக்குறைய ஆறரை மீட்டர் நீள உடல் அந்த அளவில் பதினெட்டு சென்ரிமீட்டராகிறது. ஆள் ஐந்து சென்ரிமீட்டர். பெட்டியில் வரும் வழிகாட்டித் தாள் போதாதவர்கள் ஒஸ்பிரே, ஸ்குவாட்ரன் சிக்னல் வெளியீடுகளைத் தேடிப் போகிறார்கள். பக்கவாட்டு வண்ணப்படம், உள்ளமைப்பைக் காட்டும் வெட்டுப்படம், படையணிக் குறி இருக்கும் இடம், சங்கிலிப் பட்டையின் தேய்மானம் என்று எல்லாம் அவற்றில் கிடைக்கும். ஒரு திருகாணி இடம் மாறினாலும் வாசகர்கள் விடமாட்டார்கள். ஆனால் தாங்கிக்குள் இருந்த நான்கு பேரும், அதன் குழாய்க்கு எதிரே இருந்தவர்களும் இந்தப் பக்கங்களில் அரிதாகவே தலைகாட்டுகிறார்கள். உயிருள்ளதை விலக்கும் விதியை இந்தப் புத்தகங்கள் யாரும் சொல்லாமலே கடைப்பிடிப்பதுபோல இருக்கிறது!

இதற்காக மார்க்கத் தீர்ப்பைக் குறை சொல்ல இடமில்லை. படைத்தலின் உரிமை யாருக்கு என்பதுதான் அதன் கவலை. ஆயுதத்தை அழகு பார்ப்பதைப் பற்றி அது பேச வரவில்லை. அந்தக் கேள்விக்கு நிய்யத்தை, அதாவது எண்ணத்தைத்தான் பார்க்கவேண்டும். நல்ல நிய்யத்தோடு எழுதியவர்களும் உண்டு: ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்ச் சண்டைக்கு விதிகள் வகுத்து ‘லிட்டில் வார்ஸ்’ எழுதினார். பெரிய போர் எவ்வளவு மடத்தனம் என்பதைச் சின்னப் போர் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் வாதம். அடுத்த வருடமே முதலாம் உலகப் போர் மூண்டது.

பெரியமடுவின் பெயரும் இலங்கைப் போர் வரலாற்றில் இருக்கிறது. 2008 யூன் இறுதியில் இராணுவத்தின் 57ஆம் படைப்பிரிவும், பின்னாளில் 58ஆம் படைப்பிரிவான அணியும் அந்தப் பக்கத்தில் கைகோத்தன. போர் வரைபடத்தில் இரண்டு அம்புக்குறிகள் முட்டும் இடம், அவ்வளவுதான். ஊராரின் வரலாறு 1990 ஒக்ரோபரில் உடைகிறது: விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றிய மாதம் அது. அம்புகள் முட்டியபோது அந்தக் குடும்பங்களில் பல புத்தளம் பக்கம் பதினெட்டாவது வருடத்தை ஓட்டிக்கொண்டிருந்தன. அந்த இடத்தை ஒரு காட்சிமேடையாகச் செய்ய நினைப்பவருக்குத் தாங்கியின் பச்சையும் சீருடையின் புள்ளியும் துல்லியமாகக் கிடைக்கும். அந்த மண்ணுக்குரியவர்கள் ஏன் அங்கே இல்லை என்பதை வண்ணப்படம் சொல்லாது. அதைச் சொல்லாத காட்சிமேடை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பிழையானதே.

ஆகவே மாதிரி செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வண்ணப்படப் புத்தகத்தின் பக்கத்தில், வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய மக்கள் ஆணைக்குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையையும் வைத்துக்கொள்ளுங்கள், பசையைத் திறக்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.