உரிமைக்கு விலை உண்டா?





அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1959-ல் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' என்ற நாவலை எழுதினார். எதிர்காலத்தில் நடக்கும் கதை. அங்கே ஓட்டுரிமை பிறப்பால் வருவதில்லை. தானாக முன்வந்து, குறைந்தது 2 ஆண்டுகள் அரசுப் பணி செய்து முடித்தவருக்கே ஓட்டு. கட்டாயம் இல்லை. கண் தெரியாதவர் வந்து கேட்டாலும் அவருக்கேற்ற ஒரு வேலையைக் கொடுத்தாக வேண்டும். பணி செய்யாதவர் வியாபாரம் செய்யலாம், வசதியாக வாழலாம். ஆட்சியில் மட்டும் அவருக்குப் பங்கில்லை.

தன் நலனைவிடப் பொதுநலனை முன்வைத்துக் காட்டியவரிடமே அதிகாரம் இருக்க வேண்டும் என்பது நாவல் சொல்லும் நியாயம். காசுக்கு ஓட்டு விற்கப்படும் காலத்தில் வாழும் நாம் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பதவி ஓர் அமானிதம். தகுதி பார்த்தே கொடுக்க வேண்டும். அபூதர் (ரலி) அவர்கள் பொறுப்பு கேட்டபோது, அதைச் சுமக்கும் வலிமை அவர்களுக்கு இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் (முஸ்லிம்).

ஆனால் பதவி வேறு, உரிமை வேறு.

மக்கா வெற்றியின்போது உம்மு ஹானீ (ரலி) அவர்கள் ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். அவரைக் கொல்லப்போவதாகச் சொன்னவர் அவர்களுடைய சொந்தச் சகோதரர் அலீ (ரலி) அவர்கள். ஒரு பக்கம் பத்ரிலும் கைபரிலும் வாள் ஏந்திய வீரர். மறுபக்கம், மக்கா வெற்றியின்போதுதான் இஸ்லாத்தை ஏற்றார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் ஒரு பெண்மணி. நபி (ஸல்) அவர்கள் அந்தப் பெண்மணி கொடுத்த அடைக்கலத்தையே உறுதிப்படுத்தினார்கள் (புகாரி). நீ என்ன சேவை செய்தாய் என்று கேட்கவில்லை. இந்தச் சமுதாயத்தில் ஒருவர் என்பதே போதுமானதாக இருந்தது.

பிறரைவிடத் தமக்கு ஒரு சிறப்பு உண்டு என்று ஸஅத் (ரலி) அவர்கள் எண்ணியபோதும், உங்களுக்கு உதவியும் உணவும் கிடைப்பதே உங்களிலுள்ள பலவீனர்களால்தான் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள் (புகாரி).

சகோதரர்களே! படுத்த படுக்கையான மாமியாரைப் பல ஆண்டுகள் பராமரித்த பெண்ணின் சேவை எந்த அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது? அல்லாஹ்விடம் இருக்கிறது. சேவையை எடை போடுபவன் அவன். அந்தத் தராசை மனிதன் கையில் எடுத்தால், எடை போடுபவருக்குத் தெரிந்த சேவை மட்டுமே சேவையாகிவிடும். ஓட்டுக்காகச் செய்யும் சேவையில் இக்லாஸும் மிஞ்சாது. அது கூலிக்குச் செய்யும் வேலையாகிவிடும்.

இது கதையில் வரும் நாட்டுக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. ஜமாஅத் கூட்டத்தில் ஓர் ஏழை பேச எழுந்தால், சந்தா பாக்கியைச் சொல்லி உட்கார வைக்கும் மஹல்லாக்கள் இல்லையா? பள்ளிவாசலுக்கு வாரி வழங்கியவருக்கு நன்றி சொல்வோம், துஆ செய்வோம். ஆனால் அவருடைய குரலுக்கு இரண்டு மடங்கு எடையும், கொடுக்க இயலாதவரின் குரலுக்குப் பூஜ்யமும் கொடுக்க நமக்கு அனுமதி தந்தவர் யார்?

சேவை செய்வோம், அதற்கு விலை கேட்காமல். உரிமை கொடுப்போம், அதற்கு விலை வைக்காமல். அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்தப் பக்குவத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.