அரசியல் கலவாத அவை உண்டா?

நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் முடி திருத்தும் நிலையங்களிலும் ஒரு பலகை தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம்: ‘இங்கு அரசியல் பேசாதீர்.’ அப்பலகையை மாட்டியவர் அரசியலை வெறுப்பவர் அல்லர். அவரும் தேர்தல் நாளில் தவறாமல் சென்று வாக்களிப்பவரே. ஆனால் வாடிக்கையாளர் இருவரிடையே சொல் தடித்துக் கைகலப்பு மூண்டால் உடையப்போவது தம் கடைக் கண்ணாடி என்பதை அறிந்தவர். சங்கங்களும் மன்றங்களும் இலக்கியக் கழகங்களும் விளையாட்டுக் குழுக்களும் இதே எச்சரிக்கையைச் சற்று நாகரிகமான சொற்களில் தம் விதிமுறைகளில் எழுதி வைத்துக் கொள்கின்றன.

இவ்விதியை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. ஒரே தெருவில் வாழ்வோரும் ஒரே நூலகத்தில் படிப்போரும் ஒரே திடலில் ஆடுவோரும் எந்நேரமும் கட்சிக் கண்கொண்டே ஒருவரையொருவர் நோக்கிக் கொண்டிருந்தால், எஞ்சுவது பகைமைதான். தேர்தல் வரும், போகும். அண்டை வீட்டார் போவதில்லை. ஆகவே, சில இடங்களிலேனும் கட்சிப் பூசலை ஒதுக்கி வைப்போம் என்று மக்கள் தமக்குள் செய்து கொண்ட உடன்பாடு மதிக்கத்தக்கதே.

ஆயினும் சில கேள்விகள் எழுகின்றன. ஓர் அவையில் எது அரசியல், எது அரசியலன்று என்பதைத் தீர்மானிப்பவர் யார்? அவ்விதி அவையில் உள்ள அனைவரையும் ஒன்றுபோல் கட்டுப்படுத்துகிறதா? அவைக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் உள்ளே வரக் கேட்பதும் அரசியல்தானா?

‘அரசியலைக் கலவாதீர்’ என்று உலகிலேயே மிக உரத்த குரலில் முழங்கி வந்த துறை விளையாட்டு. அத்துறையில் இக்கேள்விகள் மிகக் கூர்மையாக எழுந்த நாடு தென்னாப்பிரிக்கா. எனவே அந்நாட்டின் கதையையே எடுத்துக் கொள்வோம்.

*

1860-ஆம் ஆண்டில் மதராஸிலிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்று ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அவ்வாறு தொடர்ந்து சென்றோரின் சந்ததியினர் அந்நாட்டையே தாயகமாக்கிக் கொண்டனர். 1948-இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, இன ஒதுக்கலை அரசின் கொள்கையாக்கிற்று. 1950-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஒவ்வொரு மனிதனையும் இனவாரியாகப் பதிவு செய்தன. அவன் குடியிருக்க வேண்டிய பகுதியையும் அவனது இனமே முடிவு செய்தது. பள்ளியும் மருத்துவமனையும் கடற்கரையும் பிரிக்கப்பட்டது போலவே ஆடுகளமும் பிரிக்கப்பட்டது. தேசிய அணி என்பது வெள்ளையர் அணியே.

இந்திய வம்சாவளியில் வந்த பாப்வா சீகோலம் என்பவர், கோல்ஃப் ஆடும் செல்வர்களின் மட்டைகளைச் சுமந்து செல்லும் சிறுவனாய் வாழ்க்கையைத் தொடங்கியவர். அவ்வாட்டத்தைத் தாமே கற்று, ஹாலந்து நாட்டின் திறந்த போட்டியில் மும்முறை வென்றார். 1963-இல் டர்பனில் நடந்த நேட்டால் திறந்த போட்டியில் வெள்ளையர் அனைவரையும் வென்று முதலிடம் பெற்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை பெய்தது. வெள்ளையர் அல்லாதார் மன்றக் கட்டிடத்தினுள் நுழையக் கூடாதென்பது விதி. தோற்றவர்கள் கூரையின் கீழிருக்க, வென்றவர் மழையில் நின்று பரிசைப் பெற்றுக் கொண்டார்.

அந்த மன்றத்திலும் ‘இங்கு அரசியலுக்கு இடமில்லை’ என்றே சொல்லியிருப்பார்கள். சீகோலம் எந்தக் கட்சியின் கொடியையும் ஏந்தி வரவில்லை; ஒரு முழக்கமும் எழுப்பவில்லை. பந்தைக் குழியில் சேர்த்ததன்றி அவர் செய்த குற்றம் வேறொன்றுமில்லை. அரசியல் அவருக்கு முன்பே அங்கு வந்து, கதவின் மேல் எழுதப்படாத சட்டமாய் அமர்ந்திருந்தது.

*

கிரிக்கெட்டிலும் இதே நிலைதான். கேப்டவுன் நகரைச் சேர்ந்த பேசில் டி ஒலிவேரா, ‘கலப்பினத்தவர்’ என்று பதிவு செய்யப்பட்டவர். பிறந்த நாட்டின் அணியில் ஆட வழியின்மையால் 1960-இல் இங்கிலாந்து சென்றார். முப்பது வயதைக் கடந்த பின், 1966-இல் இங்கிலாந்து அணியில் இடம் பெற்றார். 1968 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஓவல் திடலில் 158 ஓட்டங்கள் குவித்தார். அந்தக் குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்கா செல்லவிருந்த எம்.சி.சி. அணியில் அவர் பெயர் இருக்குமென்றே பலரும் எதிர்பார்த்தனர். பட்டியல் வெளிவந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. ஆட்டத் திறன் ஒன்றை மட்டுமே கருதித் தேர்ந்தெடுத்ததாகத் தேர்வாளர் தரப்பு கூறிற்று. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சில வாரங்களில் டாம் கார்ட்ரைட் என்ற ஆட்டக்காரர் காயத்தால் விலகவே, அவ்விடம் டி ஒலிவேராவுக்குக் கிடைத்தது.

உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் சீறி எழுந்தார். இது எம்.சி.சி. அனுப்பும் அணியன்று, இன ஒதுக்கலை எதிர்க்கும் இயக்கத்தார் அனுப்பும் அணி என்று கூறி, அதனை ஏற்க மறுத்தார். சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோலின் நிறத்தைப் பார்த்து மனிதரைப் பிரிக்கும் ஆட்சியை நடத்தியவர், விளையாட்டில் அரசியலைக் கலந்ததாகப் பிறர் மீது குற்றம் சாட்டுகிறார்! டி ஒலிவேரா கொண்டு வந்தது ஒரு மட்டையை மட்டுமே. அநீதியில் ஊறிப்போன ஓரவையில், நீதியின்படி நடக்க முயல்வதே அரசியலாகக் காட்சியளிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே 1968-ஆம் ஆண்டு அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வென்ற அமெரிக்கக் கறுப்பின வீரர்களான டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் பரிசு மேடையில் கையுறை அணிந்த முட்டிகளை உயர்த்தி நின்றனர். இரண்டாமிடம் பெற்ற ஆஸ்திரேலிய வெள்ளை வீரர் பீட்டர் நார்மனும் மனித உரிமைச் சின்னத்தை மார்பில் அணிந்து அவர்களுடன் நின்றார். ஒலிம்பிக் மேடை அரசியல் மேடையன்று என்று கூறி, கறுப்பின வீரர் இருவரும் ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

அன்று பன்னாட்டு ஒலிம்பிக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஆவரி பிரண்டேஜ். 1936-இல் ஹிட்லரின் பெர்லினில் ஒலிம்பிக் நடந்தபோது, விளையாட்டில் அரசியல் புகலாகாது என்று வாதாடி அமெரிக்க அணி அங்கு செல்ல முன்னின்றவரும் அவரே. அப்போட்டியில் ஜெர்மன் வீரர்கள் பரிசு மேடையில் கையை நீட்டி நாஜி வணக்கம் செலுத்தினர். அது நாட்டு வழக்கமாகக் கருதப்பட்டது. போட்டிக்குச் சற்று முன்பு, ஜெர்மன் சாதனையைச் சமன் செய்திருந்த கிரெட்டல் பெர்க்மன் என்ற உயரத் தாண்டல் வீராங்கனை, யூதர் என்பதற்காக அணியிலிருந்து நீக்கப்பட்டார். அதுவும் ஜெர்மனியின் உள்விவகாரமாகக் கருதப்பட்டது. ஆள்வோர் நீட்டிய கை வழக்கமாகவும் ஆளப்படுவோர் உயர்த்திய கை அரசியலாகவும் தோன்றினால், அந்த விதியை நடுநிலையானது என்று நாம் எங்ஙனம் சொல்வது?

*

மறுபக்கத்தையும் நேர்மையாகக் காண்போம். எல்லா அநீதிகளையும் எல்லா அவைகளிலும் எழுப்ப வேண்டும் என்றால், எந்த அவையும் தன் வேலையைச் செய்ய இயலாது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்து, 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா உள்ளிட்ட 60-க்கும் மேற்பட்ட நாடுகள் புறக்கணித்தன. 1984-இல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கைச் சோவியத் அணியினர் புறக்கணித்தனர். ஆப்கானிஸ்தானிலிருந்து படைகள் முற்றிலும் வெளியேறியது 1989-இல்தான். பல ஆண்டுகள் உடலை வருத்திப் பயின்ற இளைஞர் பலர் ஒரே வாய்ப்பை இழந்தனர், படையெடுப்போ நின்றபாடில்லை.

அந்தப் படையெடுப்பு சிறிய அநீதி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது ஓட்டப் பந்தயத்திலோ நீச்சல் குளத்திலோ இழைக்கப்பட்டதன்று. தென்னாப்பிரிக்காவின் அநீதியோ ஆடுகளத்தின் உள்ளேயே இருந்தது. அணித் தேர்வில் இருந்தது. பார்வையாளர் இருக்கையில் இருந்தது. பரிசு வாங்கும் கூரையின் கீழ் இருந்தது. ஆகவே அதைத் திருத்தும் பொறுப்பும் முதற்கண் விளையாட்டு அவைகளுடையதே. வெளியுலகின் வழக்குகளை உள்ளே இழுத்து வருவது ஒன்று; உள்ளே நடக்கும் அநீதியைச் சுட்டிக் காட்டுவது மற்றொன்று. இரண்டிற்கும் ‘அரசியல்’ என்ற ஒரே பெயரைச் சூட்டுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இப்படிச் சுட்டிக் காட்டுவதற்கும் விலை உண்டு. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்திய அணி தகுதி பெற்றது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அவ்வணியின் தூண்கள். எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. அந்தக் கோப்பையை நம் நாடு இன்றுவரை வென்றதில்லை. அவ்விழப்பைச் சுமந்தவர்கள் அந்த ஆட்டக்காரர்களே. தென்னாப்பிரிக்காவிலும் அப்படித்தான். பாரி ரிச்சர்ட்ஸ் என்ற அரிய மட்டையாளருக்கு நான்கே டெஸ்ட் போட்டிகள்தாம் வாய்த்தன. 1971-இல் கேப்டவுனில் நடந்த ஆட்டமொன்றில் மைக் ப்ராக்டர் வீச, ரிச்சர்ட்ஸ் ஆட, ஒரே பந்து முடிந்ததும் வெள்ளை ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியேறினர். நிறம் பாராது, தகுதி கண்டே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அறிக்கை தந்தனர். குற்றமற்றவர் சிலரும் இழந்தனர் என்பதை மறைக்காமல் ஒப்புக் கொள்வதே நேர்மை. ஆனால், சீகோலம் போன்றோர் தலைமுறை தலைமுறையாக இழந்ததை யாரும் இழப்பென்று எண்ணிப் பார்க்கவே இல்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

வெள்ளையர் அல்லாதாரின் கிரிக்கெட் அமைப்புக்குத் தலைமை தாங்கிய கேப்டவுன் முஸ்லிம் பெருமகன் ஹசன் ஹோவா இவ்விவாதத்தில் உறுதியாக நின்றவர். முறைகெட்ட சமுதாயத்தில் முறையான விளையாட்டு நடைபெற இயலாது என்பது அவர் தரப்பினரின் முழக்கம். நாம் கவனிக்கத்தக்க செய்தி வேறொன்றும் உண்டு. அவ்வமைப்பில் மலாய்க்காரர், இந்தியர், கறுப்பர், கலப்பினத்தவர் என்று தனித்தனிக் குழுக்கள் முன்பு இருந்தன. பிறரிடம் சமத்துவம் கேட்குமுன், தம்முள் இருந்த அப்பிரிவுகளை அவர்கள் தாமே கலைத்தனர்.

*

முடிவு என்னவாயிற்று? இன ஒதுக்கல் சட்டங்கள் வீழத் தொடங்கியதும் கதவுகள் திறந்தன. 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்க அணி மீண்டும் பன்னாட்டுக் கிரிக்கெட் ஆடிய முதல் திடல் நம் கல்கத்தாவே. 1970-இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்து நீக்கப்பட்ட அந்நாடு, 1992-இல் பார்சிலோனாவுக்கு வந்தது. அப்போது அந்நாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராய் வந்தவர், டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி. பெயரைக் கேட்டாலே நமக்குப் பூர்விகம் புரியும். எழுபதுகளில் நாட்டைவிட்டு வெளியேறி, இன ஒதுக்கல் நீங்கும்வரை தென்னாப்பிரிக்காவைச் சேர்க்க வேண்டாம் என்று விளையாட்டு அவைகள்தோறும் வாதாடியவர் அவர். அன்று அவரை விளையாட்டில் அரசியலைக் கலப்பவர் என்றவர்கள் உண்டு. உண்மையில் விளையாட்டை அந்த அரசியலிலிருந்து மீட்கவே அவர் பாடுபட்டார். அநீதி அகன்றது, அதைப் பற்றிய பூசலும் திடலைவிட்டு அகன்றது. வாய்களை அடைத்து அடக்க முயன்ற காலத்தில் அது அகலவில்லை.

நம் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் இதில் படிப்பினை இருக்கிறது. கட்சிப் பூசலை வாசலிலேயே நிறுத்துங்கள், அது நன்று. ஆனால் அவ்விதியை எழுதும் நிர்வாகிகள் அதற்கு முன் தம் அவையை ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். இங்கு வராதவர் யார்? அவர் வர விரும்பாதவரா, வர இயலாதவரா? ஏழை என்பதால், பெண் என்பதால், இன்ன குடும்பத்தார், இன்ன தெருவினர் என்பதால் பின்வரிசையில் நிறுத்தப்பட்டவர் உண்டா? அத்தகையவர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டால், ‘அரசியல் பேசாதே’ என்று அமர்த்துவது எளிது. அவர் கேட்பது கட்சியின் வழக்கன்று, இந்த அவையின் வழக்கு என்று உணர்ந்து செவி கொடுப்பதே கடமை. அந்த வழக்கைக் கேட்டுத் தீர்த்த அவைக்கே, பிற வழக்குகளை வெளியே வைத்துவிட்டு வருமாறு சொல்லும் தகுதி உண்டு.