வார்டன் போட்ட கையெழுத்து

விடுதியில் படித்தவர்களுக்குத் தெரியும், வார்டன் கையெழுத்து என்றால் என்னவென்று. ஊருக்குப் போக அதுதான். உதவித்தொகை வாங்க அதுதான். காய்ச்சலில் கிடந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அதுதான். அவர் போடாமல் விட்டுட்டா என்ன செய்றதுன்னுதான் பயந்திருக்கோம். போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை.

2009 ஜூலையில் கம்மம் மாவட்டத்தில் (அன்று ஆந்திரம், இன்று தெலங்கானா) 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி. சுமார் 14,000 பேர். அதில் நிறையப் பேர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். குஜராத்தின் வடோதராவில் இன்னும் சுமார் 10,000 பேர். நடத்தியது பாத் என்ற அமெரிக்க நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் இரண்டு மாநில அரசுகளோடும் சேர்ந்து. பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. ஆராய்ச்சி என்று சொல்லவில்லை, 'செயல்விளக்கத் திட்டம்' என்றார்கள்.

ஏழு பிள்ளைகள் இறந்துபோனார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை கொடுத்தது. ஆந்திரத்தில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் விடுதி வார்டனின் கையெழுத்து. 1,948-இல் கைநாட்டு.

கைநாட்டைப் பற்றி எனக்குப் பெரிய கோபமில்லை. கைநாட்டு வைக்கிறவள் அறிவில்லாதவள் அல்ல. அவள் பேசும் கோயா மொழியில், பக்கத்தில் உட்கார்ந்து, இது என்ன ஊசி, எதற்கு, என்ன கோளாறு வரலாம், வந்தால் யார் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தால் அந்த ரேகை எந்தக் கையெழுத்துக்கும் குறைந்ததில்லை. வார்டன் கையெழுத்து வேறு. பெற்றவளைக் கேட்கவே வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு போட்டது அது.

'ஊசியால் யாரும் சாகலையே' என்கிறார்கள். உண்மைதான். ஒரு பிள்ளை கல்குவாரித் தண்ணீரில் மூழ்கியது, ஒன்று பாம்பு கடித்து, ஒன்று மலேரியாவில். இரண்டு பேர் பூச்சிமருந்து குடித்தார்கள். மற்ற இரண்டு சாவுகளின் காரணம் அவ்வளவு தெளிவில்லை. ஊசிக்கும் இவற்றுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. நானும் ஒத்துக்கொள்கிறேன். ஊசி நல்ல ஊசிதான், எனக்கு மகள் இருந்தால் போட்டிருப்பேன். ஆனால் யோசித்து, கேட்டு, நான் போட்டிருப்பேன். (பாம்பும் பூச்சிமருந்தும் கல்குவாரியும் யார் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோகின்றன என்பது தனிக் கட்டுரை.)

நல்லதுதானே செய்தோம், எதற்குக் கேட்கணும்? இது ஆண்டைமார் பேச்சு. கூழ் ஊற்றியவனும் இதைத்தான் சொன்னான். ஹைதராபாத்தில் ஒரு கான்வென்ட் பள்ளியில் தலைமையாசிரியையின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் கையில் ஊசி குத்த முடியுமா? மறுநாள் அப்பாமார்கள் வக்கீலோடு வந்து நிற்பார்கள். அந்தப் பயம் இல்லாத இடத்தில்தான் வேலை சுலபமாக நடக்கிறது. விடுதியில் ஒரே இடத்தில் இத்தனை பிள்ளைகள் கிடைப்பார்கள், வரிசையில் நிற்கப் பழகியவர்கள், பெற்றவர்கள் தூரத்தில். ஆராய்ச்சிக்கு இதைவிட வசதி வேறென்ன வேணும்?

ஒப்புதல் என்று சொல்ல வேண்டுமானால் மறுக்கவும் முடிந்திருக்க வேண்டும். வரிசையில் நின்ற ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை 'எனக்கு வேணாம் சார்' என்று சொல்லியிருந்தால் சாயந்திரம் அவளுக்கு விடுதியில் என்ன நடந்திருக்கும்? நான் இருந்த விடுதியில் வார்டனிடம் அப்படிச் சொன்ன யாரையும் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை.